மிஸ் வர்ற வரைக்கும்

பதினைந்து நிமிடம் முடிந்து, கதவைத் திறந்து, "ஆச்சு, போலாம்" என்று ஃபிர்தௌஸ் சொன்ன பிறகும் பில்கிஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மேசைமேல் கடலை உருண்டை வைத்தது வைத்தபடியே இருந்தது. சொன்னபடி இரண்டாவது உருண்டையையும் ஃபிர்தௌஸ் அதன் பக்கத்தில் வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, திறந்து கிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் வந்தாதான் எந்திரிக்கணும்" என்றாள்.

"நான்தானே மிஸ்?"

பில்கிஸ் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையாட்டினாள்.

கடைசியில் அவளைத் தூக்கித்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. தூக்கிய பிறகும் அந்தச் சின்னக் கால்கள் நாற்காலியில் இருந்தபடியே மடங்கி நின்றன.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரை ஓரமாக இருந்த ஆரம்பப் பள்ளி அது. ஃபிர்தௌஸ் வேலூரில் கல்வி உளவியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு குழந்தை எவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருக்கும் என்பதுதான் ஆய்வு. பள்ளியின் பின்பக்கத்து அறையில் குழந்தையைத் தனியாக உட்காரவைத்து, முன்னால் ஒரு தின்பண்டத்தை வைப்பாள். இப்போதே தின்றால் ஒன்று, நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு என்று சொல்லிவிட்டு வெளியே போவாள். மூலையில் கேமரா ஓடும். பிள்ளைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். இந்தப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட அதிக நேரம் காத்திருக்கிறார்கள் என்று பதிவுகளைப் பார்த்த பேராசிரியர் சந்தோஷப்பட்டார். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று ஃபிர்தௌஸுக்குத் தோன்றியது.

அன்று பிற்பகல் ஆம்பூரில், தன் வீட்டு மாடியறையில், அவள் பதிவுகளை வரிசையாக ஓடவிட்டாள். ஜன்னல் வழியே ஊறவைத்த தோலின் நெடி வந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து மூக்குக்குப் பழகிய நெடி அது, ஆனால் அன்றைக்கு ஏனோ தொண்டைவரை இறங்கிக் கசந்தது. முதல் வாரத்துப் பிள்ளைகள் நான்கைந்து நிமிடத்திலேயே உருண்டையை எடுத்துக் கடித்துவிட்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் அது பத்து நிமிடமானது. மூன்றாவது வாரம் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. அந்த வாரத்துப் பதிவுகளில் வேறொன்றும் இருந்தது. ஆறாவது நிமிடம் நெருங்கும்போது காலாட்டிக்கொண்டிருந்த பிள்ளை காலாட்டுவதை நிறுத்தும், இடதுபக்கம் திரும்பும், தன் முகத்தின் உயரத்திலேயே இருக்கும் ஏதோ ஒன்றைப் பார்க்கும், யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்க்கும், பிறகு கையைக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்துவிடும். அந்தப் பக்கம் வெறும் சுவர்.

ஒரு பிள்ளை அல்ல. பதினோரு பிள்ளைகள்.

மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் பில்கிஸைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணும்மா?"

"அங்கேயே ஒக்காந்திருக்காளே. அவளும் காத்துக்கினுதான் இருக்கா. இதோ வர்றேன் கண்ணுன்னு சொல்ட்டு மிஸ் போய்ட்டாங்களாம்."

இதோ வர்றேன் கண்ணு. அந்த மூன்று சொற்களை ஃபிர்தௌஸ் இரண்டு வருடத்துக்கு முன்னால், அதே அறையில், ஒரே ஒரு பிள்ளையிடம்தான் சொல்லியிருந்தாள்.

அது சௌமியா. முன்னோட்டமாகச் சில பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்துபார்த்த நாட்கள் அவை. அன்றைய கடைசிப் பிள்ளை அவள். கதவைச் சாத்திவிட்டு ஃபிர்தௌஸ் வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் தம்பி வக்கார் போன் செய்தான். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், பேச்சு வரவில்லை. கதவைத் திறந்து, "இதோ வர்றேன் கண்ணு, எந்திரிக்காதே" என்று சொன்னாள். ஓடினாள். ஆட்டோ, ஆஸ்பத்திரி, அப்பாவின் கோணிய வாய். அறையில் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மறந்துபோனது.

சௌமியா அன்று இருட்டிய பிறகு தன்னந்தனியாக நெடுஞ்சாலையைக் கடந்தபோது கார் மோதி இறந்தாள். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் எங்கோ சுற்றியிருக்கிறாள் என்று ஊர் சொன்னது. அடுத்த வாரம் தலைமையாசிரியர் தேவசகாயம், ஃபிர்தௌஸ் விட்டுப்போன கேமராவைப் பத்திரமாகக் கொடுத்தனுப்பினார். பேட்டரி தீரும்வரை அது ஓடியிருந்தது. ஐந்தேகால் மணிக்கும் சௌமியா நாற்காலியிலேயே இருந்தாள். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, முகம் தெரியாமல் போனது. உருண்டையை அவள் தொடவேயில்லை. ஒரே ஒரு தடவை, மெதுவாக, "மிஸ்" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பதிவை ஃபிர்தௌஸ் அழித்துவிட்டாள். இந்த வருடம் பேராசிரியர் அதே பள்ளியை மறுபடி கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜோதியைத் தேடிப் போனாள். ஜோதி சௌமியாவின் அம்மா. கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஃபிர்தௌஸ் எல்லாவற்றையும் சொன்னாள், போன் வந்தது முதல் பதிவை அழித்தது வரை. பில்கிஸ் சொன்னதையும் சொன்னாள். அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றாள்.

ஜோதி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டி அவள் காலடி மண் கறுத்தது.

"அப்போ எம்பொண்ணு ஊர் சுத்தப் போகலையா?"

"இல்லக்கா."

"ரெண்டு வருசமா அவ போட்டோவைப் பார்த்துத் திட்டிக்கினு இருக்கேன் மேடம். சொன்ன பேச்சு கேட்டிருந்தா உசுரோட இருந்திருப்பியேடின்னு." அவள் குரல் உயரவில்லை. "சொன்ன பேச்சு கேட்டுதான் செத்துச்சா, எங்கொழந்தை?"

துணியைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவி, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு ஜோதி சொன்னாள்: "வந்து சொல்லுங்க. வந்துட்டேன், போலாம்னு அவகிட்ட சொல்லுங்க. நானும் வர்றேன். வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்."

மறுநாள் ஜோதி பாதி நாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனிச் சீருடையோடு மூன்றரை மணிக்கே பள்ளிக்கு வந்துவிட்டாள். பின்பக்கத்து அறையில் வெயில் தரையில் சாய்வாக விழுந்திருந்தது. சுண்ணாம்பு வாசனை, எலிப்புழுக்கை வாசனை, அதற்கடியில் மெல்லியதாகத் தேங்காயெண்ணெய் தடவிய தலைமுடியின் வாசனை. ஜோதி சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது யாருடைய தலை என்று தெரிந்திருந்தது.

ஃபிர்தௌஸ் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"சௌமியா. மிஸ் வந்துட்டேன். லேட்டாயிடுச்சு கண்ணு. மன்னிச்சிடு. போலாம்."

ஒன்றும் அசையவில்லை.

மறுபடி சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். ஜோதி தரையில் உட்கார்ந்து, காலியான இருக்கையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்தாள். மறுபடி வைத்தாள். எடுக்கவேயில்லை.

"சூடா இருக்கு" என்றாள்.

நான்கு மணி. வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டில் தேவசகாயம் சார் மணி அடிப்பது கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பெஞ்சுகள் இழுபடும், பைகள் மோதும், நாற்பது பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள்.

இன்று மணி அடங்கியது. அவ்வளவுதான்.

காக்கை கத்தியது. சாலையில் ஒரு லாரி போனது. பிள்ளைகளின் சத்தம் மட்டும் இல்லை.

ஃபிர்தௌஸ் எழுந்தாள். ஜோதியும் பின்னாலேயே வந்தாள். தேவசகாயம் சார் கையில் சுத்தியலோடு வகுப்புக்கூடத்து வாசலில் நின்றிருந்தார். "எந்திரிக்க மாட்றாங்கம்மா" என்றார். "திட்டியும் பார்த்துட்டேன்."

உள்ளே ஐந்து வகுப்புக்குமாகச் சேர்ந்த ஒரே நீளக்கூடம். நாற்பது பிள்ளைகள். கை கட்டியிருந்தார்கள். முதுகு நேராக. முகங்கள் கதவைப் பார்த்து. யாரும் இமைக்கவில்லை.

வாசலில் நின்று ஃபிர்தௌஸ் சொன்னாள். "போலாம்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல, அவளைத் தாண்டி, வெறும் வராந்தாவைப் பார்த்தார்கள்.

தேங்காயெண்ணெய் வாசனை. கூடம் முழுக்க.

ஜோதி அவளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வரிசை வரிசையாக அந்த முகங்களைத் தேடினாள். அவள் வாய் கோணியது. மிக மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில், கூப்பிட்டாள்.

"சௌமியா."

"இன்னாம்மா?" என்றார்கள் நாற்பது பிள்ளைகளும், ஒரே குரலில்.

கைகள் கட்டியபடியே இருந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை.