கழற்றி எடுக்கப்பட்ட மரம்

காலை 9.10.

ஷட்டரைத் தூக்கியதும் கடைக்காரியின் கண் நேராகப் பின்சுவருக்குத்தான் போனது. அங்கே சாய்த்து வைத்திருந்த மரச்சட்டம் வெறுமையாக நின்றது. ஏழடி அகலம், ஐந்தடி உயரம். நேற்று மாலை ஐந்தரை மணிக்கு அவள் வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டுப் போனபோது அந்தச் சட்டத்தில் ஒரு மரம் இருந்தது. எட்டு மாதமாக ஊசியும் நூலுமாக வளர்த்த மரம். புதிதாகத் திறக்கப்போகும் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு வாசலில் மாட்டுவதற்கென்று மருத்துவமனைக்காரர்கள் செய்யச் சொன்னது. பதினோரு மணிக்கு வண்டி வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

வெள்ளைத் துணி மட்டும் நான்காக மடித்து நாற்காலியில் இருந்தது.

அவள் கத்தவில்லை. கணவனுக்கு போன் செய்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவன் அப்போது பாதி வழியில் இருந்தான். எதையும் தொடாதே, போலீஸுக்குச் சொல்லு என்றான்.

9.50.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஒல்லி, ஐம்பதை ஒட்டிய வயது. ஸ்டேஷனில் அவருக்கு ‘ஊசிக்கண்’ என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். கண்டுகொள்வதில்லை.

ஷட்டர் பூட்டில் கீறல் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழ்போட்டபடி இருந்தது. பணப்பெட்டியில் கை வைத்த அடையாளமே இல்லை. அலமாரியில் நூல் பொம்மைகள், வண்ணம் தீட்டிய மரப்பெட்டிகள், துணிப்பைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி. சாவி மொத்தம் மூன்று. ஒன்று கடைக்காரியிடம், ஒன்று அவள் நாத்தனாரிடம், மூன்றாவது வீட்டுச் சமையலறை ஆணியில்.

ஊசிக்கண் சட்டத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சுற்றிலும் நூற்றுக்கும் மேல் சின்னத் துளைகள். அவற்றின் வழியாகத்தான் கயிறு கோத்துத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிளேடு போட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எடுத்தவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு துளையிலிருந்தும் கயிற்றை உருவி, சிக்கு விழாமல் சுருட்டி, மேசையில் வைத்திருந்தார்.

“இதைக் கழட்ட எவ்வளவு நேரமாகும்?”

“எனக்கு இருபது நிமிஷம். பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு மணி நேரம்.”

“பழக்கம் யாருக்கெல்லாம்?”

“எனக்கும் எங்க அண்ணிக்கும்தான்.”

அண்ணி என்று அவள் சொன்னது கணவனின் அக்காவை. கணவனை இழந்து பதினோரு வருடமாகத் தம்பி வீட்டில் இருப்பவர். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கூரைக்கடியில் என்றால் ஊர் எதிர்பார்ப்பது ஒன்று. இங்கே நடந்தது வேறு. கடைக்காரி பால் பொங்குவதற்குள் ஒரு பறவையை வரைந்துவிடுகிற ரகம். குழந்தையின் வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில்கூட அவள் கிறுக்கல் இருக்கும். அந்தப் பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டவர் நாத்தனார். குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்து, துணியின் பின்பக்கம் நூல்களை முடிச்சுப் போடுவார். நூல்கண்டுகளை அடுக்குவார். இவள் வரைய, அவர் தாங்க, கடை ஓடியது.

வேலை முடியும் முன்னால் யாரும் பார்க்கக் கூடாது என்பது கடைக்காரியின் பிடிவாதம். கணவனுக்கே காட்டவில்லை. பார்த்தது அண்ணி மட்டும். அவரும் நாலு நாளாக ஊரில் இல்லை. உடம்பு சரியில்லாத சித்தி வீட்டுக்குப் போயிருந்தார். நேற்று இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார். இன்று தலைவலி என்று எழுந்திருக்கவில்லை.

வேறு யார் மேலாவது சந்தேகமா என்று ஊசிக்கண் கேட்டார். கடைக்காரி தயங்கிவிட்டு எதிர்க்கடையைக் காட்டினாள். அங்கே விற்பதெல்லாம் மெஷினில் செய்தது. இந்த வேலைக்கு அந்தக் கடைக்கார அம்மாவும் முயற்சி செய்து கிடைக்காமல் போனது. நேற்று மூன்று மணிக்கு வந்து, வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்க்கப் போனவளைக் கையைப் பிடித்து வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

“என்ன உடுத்தியிருந்தாங்க?”

“பழுப்புச் சேலை. காய்ஞ்ச இலை மாதிரி ஒரு பழுப்பு.”

10.40.

எதிர்க்கடைக்காரி எதையும் மறைக்கவில்லை. ஆமாம், போனேன், பார்க்கணும்னு ஆசை, வயிற்றெரிச்சலும் உண்டு என்றாள். ஆனால் சேலை பற்றிக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பழுப்பா? என்கிட்ட அந்தக் கலரே கிடையாது. நேத்துக் கட்டினது அதோ கொடியில காயுது, பாருங்க.”

கொடியில் தொங்கியது நல்ல இலைப்பச்சை. பக்கத்து மருந்துக்கடைக்காரரும் பச்சைதான் என்றார். அவள் இன்னொன்றும் சொன்னாள். மாலை ஆறேகால் மணிக்கு எதிரே ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. கடைசி நேர வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

ஊசிக்கண் நோட்டில் ‘பழுப்பு’ என்று எழுதி, பக்கத்தில் ‘பச்சை’ என்று எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். புகார் கொடுத்தவளே பொய் சொல்கிறாளா? சொன்னால், சேலை நிறத்தில் எதற்குப் பொய்?

11.00.

வண்டி வந்தது. டிரைவர் வெறும் சட்டத்தைப் பார்த்தார். மறுபடி எப்போது வரட்டும் என்று கேட்டார். போன் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

11.30.

கடையின் பின்பாதியில் நூல் அலமாரி இருந்தது. ஒவ்வொரு கண்டிலும் ஒரு காகிதத் துண்டு; பெரிய எழுத்தில் பச்சை, கரும்பச்சை, பழுப்பு, சிவப்பு. எட்டு மாதம் முன்னால் அண்ணி செய்த ஏற்பாடாம், எடுக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. கீழே ஒரு அட்டைப்பெட்டியில் புதுக் கண்டுகள். அண்ணி ஊருக்குப் போன பிறகு, வெள்ளிக்கிழமை வந்தவை. அவற்றில் சீட்டு ஒட்டவில்லை.

தலைக்கு மேலே விளக்குகள் பளபளவென்று புதிதாக இருந்தன. வெளிச்சம் பற்றவே மாட்டேன் என்கிறது, இந்த வருடத்தில் இரண்டு தடவை மாற்றியாயிற்று என்றாள் கடைக்காரி.

நாத்தனார் உட்காரும் மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடந்தது. ஊசி குத்தி வைக்கும் திண்டில் அடைக்க அண்ணி சேர்க்கும் நூல் குப்பை என்றாள். ஊசிக்கண் ஒரு பிடி அள்ளி ஜன்னலோரம் கொண்டுபோனார். அத்தனையும் பழுப்புத் துணுக்கு. ஒவ்வொன்றும் நெளிநெளியாக இருந்தது. தைத்த பிறகு பிரித்த நூலுக்குத்தான் அந்த நெளிவு வரும்.

சுவரில் மரத்தின் மூல வரைபடம் குத்தியிருந்தது. பென்சில் கோடுகள், ஓரத்தில் நிறக் குறிப்பு: அடிமரம் கறுப்பு. இலை பச்சை. பறவை சிவப்பு, நீலம், மஞ்சள். ஊசிக்கண் அதை இரண்டு முறை படித்தார். பழுப்பு எங்குமே இல்லை.

12.40.

கணவன் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்தான். ஆறு வயசுப் பெண். ஒரு காலில் பச்சை சாக்ஸ், மறு காலில் பழுப்பு சாக்ஸ். டீச்சர் சிரிச்சாங்க என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“யாரு மாட்டிவிட்டா?”

“அம்மா. எப்பவும் அத்தைதான் மாட்டுவாங்க. அம்மா மாட்டினா இப்படித்தான்.”

காலை அவசரத்தில் நடந்திருக்கும் என்று கணவன் சமாளித்தான். கடைக்காரியும் குனிந்து பார்த்தாள். எது தப்பு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊசிக்கண் அவள் முகத்தையே பார்த்தார். நோட்டை மூடினார். அக்கா நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்று கணவனிடம் மட்டும் கேட்டுக்கொண்டார். ஏழரை என்றான்.

2.15.

பஸ் நிலையப் பதிவேட்டில், சித்தி ஊரிலிருந்து வரும் பஸ் நேற்று வந்து சேர்ந்த நேரம் மாலை 5.40. அங்கிருந்து வீட்டுக்கு நடந்தாலே இருபது நிமிடம். வழியில்தான் கடை.

3.30.

வீட்டின் முன்னறையில் எல்லோரும் இருந்தார்கள். நாத்தனார் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பை, அங்கேயே மூலையில் இருந்த அவர் கட்டிலுக்கடியில் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. ஊசிக்கண் சுற்றி வளைக்கவில்லை. பஸ் நேரத்தைச் சொன்னார், சாவியைச் சொன்னார், சிக்கில்லாமல் சுருட்டிய கயிற்றைச் சொன்னார்.

“நீங்கதான் எடுத்தீங்க.”

“ஆமா.” நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. “பொறாமைதான். எல்லாப் பேரும் அவளுக்கே போகுதுன்னு பொறாமை. எழுதிக்குங்க.”

தம்பி “அக்கா” என்றான். கடைக்காரி கேட்டது நம்ப முடியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பொறாமைக்காரங்க கிழிச்சிருப்பாங்க,” என்றார் ஊசிக்கண். “நீங்க உருவி எடுத்திருக்கீங்க. நீங்க சொல்றது பொய்ம்மா.”

நாத்தனார் அப்போதுதான் நிமிர்ந்தார். சொல்லிவிடாதீங்க என்று அவர் கண் கெஞ்சியது. இத்தனை வருட வேலையில் ஊசிக்கண்ணிடம் அப்படிக் கெஞ்சிய குற்றவாளி யாரும் இல்லை. ஊசிக்கண் பையை இழுத்துத் திறந்து, சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் விரித்தார்.

கடைக்காரி மண்டியிட்டுத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் கிழியவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஒண்ணுமே ஆகலையே. இலையெல்லாம் பச்சைப்பசேல்னு அப்படியே இருக்கு.”

கணவன் துணியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடி துணியைப் பார்த்தான். மரத்தின் பெரும்பகுதி தளதளவென்று பச்சை. வலப்பக்க ஓரத்துக் கிளைகள், அந்த நாலு நாளில் அவள் தனியாக உட்கார்ந்து தைத்தவை, முழுக்கப் பழுப்பு. நடுநடுவே துருச் சிவப்பு.

“இந்தப் பக்கம் மரம் செத்துப் போச்சாம்மா?” என்றது குழந்தை.

கடைக்காரி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

ஊசிக்கண் மெதுவாகச் சொன்னார். பச்சைச் சேலை உங்களுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. பச்சை சாக்ஸுக்கும் பழுப்பு சாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விளக்கில் குறை இல்லை. நூல்கண்டில் எதற்கு நிறத்தின் பெயர் என்று காலையிலிருந்து யோசித்தேன். கண்ணால் பார்த்து எடுக்கிறவருக்கு அது வேண்டாம். எட்டு மாதமாக, சீட்டைப் பார்க்காமல் நூலை எடுத்து நீங்கள் தப்பாகத் தைத்த இலைகளை உங்கள் அண்ணி பிரித்துப் பச்சையில் தைத்து வந்திருக்கிறார். அந்த டப்பா முழுக்க இருப்பது அதுதான். இந்த முறை அவர் ஊருக்குப் போயிருந்தபோது, சீட்டு ஒட்டாத நூல் வந்துவிட்டது. நேற்று மாலை திறந்து பார்த்திருக்கிறார். அத்தனை இலைகளையும் ஒரு ராத்திரியில் பிரித்துத் தைக்க யாராலும் முடியாது. காலையில் வண்டி எடுத்துப்போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் கழற்றி மறைத்திருக்கிறார்.

கடைக்காரி தன் விரல்களை அந்த இலைகளின் மேலேயே வைத்திருந்தாள்.

“எப்பத்திலேர்ந்து தெரியும் அண்ணி?”

“நீ முதல் கிளை தைச்சப்பவே.”

“சொல்லியிருக்கலாமே.”

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதை ஊசிக்கண் எழுதிக்கொள்ளவில்லை. கண் போச்சு என்று தெரிந்தால் உன்னை வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள், கடையை மூடிவிடுவார்கள், நீ ஊசியைத் தொடாமல் இருக்க மாட்டாய், தாங்க மாட்டாய் என்று பயந்தேன் என்றார். குரல் இறங்க, மீதியையும் சொன்னார்.

“அது மட்டுமில்ல. இந்த வீட்டுல நான் பதினோரு வருஷமா ஒரு ஓரமா கிடந்தவ. கடையிலதான் எனக்குன்னு ஒரு நாற்காலி கிடைச்சுது. அது போயிடுமேன்னும் பயந்தேன்.”

ஊசிக்கண் எழுந்தார். பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, புகார் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எங்கே போடுவது என்று கடைக்காரி கேட்டபோது, அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார். வாசல் வரை வந்த கணவனிடம், நாளைக்கே கண் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

அடுத்த வியாழன், காலை 10.20.

கண் மருத்துவமனை. ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணில் கோளாறு இல்லை, கண்ணுக்குப் பின்னால் நரம்பை ஒரு கட்டி அழுத்துகிறது என்றார். இந்த மாதிரி நேரத்தில் முதலில் போவது நிறம். பிறகு ஓரங்கள் மங்கும். கடைசியில் நடுப்பகுதி. ஆபரேஷன் செய்யலாம், இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றப் பார்க்கலாம். போனது திரும்பாது.

கடைக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா?”

டாக்டருக்கு அந்த வீட்டுக் கதை தெரியாது. உள்ளதைச் சொன்னார்.

“அப்பவே வந்திருந்தா பார்வை முழுசா தப்பிச்சிருக்கும்மா.”

சுவரோரம் நின்ற நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி அவரைத் தூக்கிவிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மருந்து வாங்க அவன் முன்னால் போனான். கடைக்காரியும் நாத்தனாரும் மாடிப்படி வரை தள்ளித் தள்ளி நடந்து வந்தார்கள். படிகளின் ஓரம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. முதல் படியில் காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். பிடிமானத்துக்குக் கையை நீட்டியபோது ஒரு கை வந்து தாங்கியது. யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த விரல்களின் ஊசிக் காய்ப்பு அவளுக்குப் பழக்கமானது. அவள் கையை உதறவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

“இன்னும் எத்தனை படி?” என்று மட்டும் கேட்டாள்.

நாத்தனார் எண்ணிச் சொன்னார்.