காற்றுமாலைக்காரரின் மகள்

காற்றுமாலையைக் கழுத்தில் போடாமல் தணிகாசலம் பல் தேய்க்கக்கூடப் போவதில்லை. பூமியில் பிறந்து நிலவுக்குக் குடிவந்தவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். குடியிருப்புக் கூடாரத்தில் நிரப்பியிருக்கும் மெல்லிய காற்று அவர்கள் மார்புக்குப் போதாது. காற்றுமாலையிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய்தான் மீதியைத் தரும். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. வெறுங்கழுத்தோடு குட்டிக்கரணம் போடுவார்கள்.

அவர் மகள் இளவெயினியும் அப்படித்தான், இருமல் இல்லாத நாட்களில். நிலவுத் தூசி பட்டால் போதும், அவளுக்கு இளைப்பு வந்துவிடும். அன்று விடியும்போதே லொக்கு லொக்கென்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மாதம் பொங்கலுக்குக் கபடிப் போட்டி. அவள் அணியில் முதலில் பாடிப் போகிறவளே அவள்தான். மூச்சுப் பிடிக்க முடியாதவளைக் களத்தில் விடுவார்களா?

வீட்டு மருத்துவ எந்திரமான நலவன் தன் உலோகக் காதை அவள் முதுகில் வைத்துக் கேட்டது. மதுரைப் பேச்சு பொருத்திய எந்திரம் அது.

“அண்ணே, மூச்சுக்குழல் வீங்கிக் கெடக்கு. தினம் காலையும் ராத்திரியும் இழுக்கச் சொன்ன மருந்து என்னாச்சு?”

“இருமல்தான் நின்னு போச்சேப்பா. அதான் நிப்பாட்டிட்டேன்.”

“இருமல் நின்னதே அந்த மருந்தாலதானண்ணே!”

“இருக்கட்டும்யா. சின்னப் பிள்ளை. இப்பவே ஒரு கருவிய வச்சு மூச்சு விட ஆரம்பிச்சா அதுவே பழகிப் போயிரும். அப்புறம் ஆயுசுக்கும் விட முடியுமா? அதிமதுரம் குடுத்திருக்கேன், அதுவே...”

காற்றுமாலை கீச்சிட்டது. அதன் குப்பியில் காற்று தீரப் போகிறது. தணிகாசலம் பேச்சைப் பாதியில் போட்டுவிட்டு அலமாரிக்குப் பாய்ந்தார். புதுக் குப்பியைச் செருகி, கண்ணை மூடி, ஆசை தீர இழுத்தார்.

இருமலுக்கு நடுவே இளவெயினி கேட்டாள். “நீங்க எப்பப்பா இந்தப் பழக்கத்த விடப் போறீங்க?”

நலவன் கூரையைப் பார்த்தது. தணிகாசலத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே மருந்துக் குழலைத் தேடி எடுத்து மகள் கையில் கொடுத்தார். அதன்பின் ஒருவேளைகூடத் தவறவில்லை.

பொங்கலன்று கூடாரமே களத்தைச் சுற்றி நின்றது. இளவெயினி ஒரே மூச்சில் “கபடி கபடி” என்று பாடிப் போனாள். நிலவில் உடம்புக்கு ஆறில் ஒரு பங்கு எடைதானே! எதிரணியின் தலைக்கு மேலே துள்ளி, மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். ஒரு செருமல்கூட இல்லை. தணிகாசலம் அடித்த விசிலில் அவர் மூக்குக் குழாயே கழன்றுவிட்டது. பெற்ற வயிறு குளிர்வது தாய்க்கு மட்டுமா என்ன!

“பாத்தியா நலவா? சுத்தமாக் குணமாயிருச்சு!” என்று எந்திரத்தைக் கட்டிக்கொண்டார். அவசரமாகக் குழாயை மூக்கில் மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்ப நாளையிலருந்து அவ மருந்த நிப்பாட்டிரலாமா?”

மூச்சே இல்லாத நலவன் அன்றுதான் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டது.