மூச்சு முட்டிய ஹீட்டர்

அனு கண்விழித்தபோது, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா காமராஜ் கூடையோடு வெளியே போய்க்கொண்டிருந்தார். கூடையில் என்ன என்று அவள் கேட்கவில்லை. செத்துப்போன கோழிக்குஞ்சுகள். நேற்று பதினாறு, இன்று இருபத்திரண்டு. ஐயோ பாவம், பொரிந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை!

ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியாமல் மூன்று நாளாக அடைமழை. கொட்டகைக்குள் சூடான காற்றை ஊதவேண்டிய ஹீட்டரோ சண்டித்தனம் செய்தது. மூன்று நிமிடம் ஓடும். டக்கென்று நிற்கும். பத்து நிமிடம் கழித்து, சாவகாசமாக மறுபடி ஓடும். அதற்குள் குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் சிக்கியவை நசுங்கிச் சாகும்.

"மெக்கானிக் விமல்ராஜ் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் அம்மா பூவாயி.

"ரோட்டுல தண்ணி ஓடுதாம். நாளைக்குத்தான் வருவாராம்" என்றார் நைனா.

"நாளைக்கு வந்து யாரைக் காப்பாத்தப் போறாரு?" என்றாள் அம்மா.

பள்ளிக்கு மழை விடுமுறை. அனு ஹீட்டர் எதிரில் சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அது நின்றதும் பெட்டியின் அருகே கையைக் கொண்டுபோனாள். அம்மாடி, அனல்! கொட்டகையோ சில்லென்று இருந்தது.

"நைனா, பெட்டிக்கு மட்டும் காய்ச்சல் அடிக்குது. சூடு வெளிய வரல. அதான் அதுவே நின்னுக்குது போல."

"அடிப்போடி, பெரிய இன்ஜினியரு" என்ற நைனா, ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப உள்ள காத்து போவுதா?"

ஹீட்டர் மறுபடி ஓடியது. அனு நோட்டுத்தாளைக் கிழித்துப் பின்பக்கத்து வலை அருகே பிடித்தாள். காற்றை உள்ளே இழுக்கும் வலை அது. தாள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அசையவே இல்லை.

நைனா மெயின் சுவிட்சை அணைத்தார். பெட்டி ஆறியதும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வலை முழுக்கக் காய்ந்த பற்று. தரையில் பரப்பிய உமியின் தூசு அதன்மேல் அப்பிக் கிடந்தது.

"குளவி மண்ணு வெச்சிருக்குது போல" என்றார் நைனா.

அனு அதைச் சுரண்டி முகர்ந்தாள். ஆயுத பூஜையன்று ஹீட்டர் புத்தம்புதுசு. எல்லாரும் மூன்று பொட்டு வைத்தால், அவள் ஆசை ஆசையாகச் சந்தனத்தை அள்ளிப் பின்பக்கம் முழுக்கப் பூசியிருந்தாள்.

பழி குளவியோடு போயிருக்கும். ஆனால் அந்தக் கூடை அவள் கண்முன் வந்து நின்றது.

"குளவி இல்ல நைனா. நான் பூசுன சந்தனம். என்னாலதான் எல்லாம் செத்துப்போச்சு" என்று விம்மினாள்.

அம்மா உள்ளே போய்ப் பழைய டூத்பிரஷ்ஷோடு வந்தாள்.

"நீ பூசறப்ப நானுந்தான் பல்லைக் காட்டிக்கினு நின்னேன். அழுவுறத அப்புறம் வெச்சிக்கலாம். இந்தா, தேய்."

அனு அழுதுகொண்டே தேய்த்தாள். நைனா சுவிட்சைப் போட்டார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஹீட்டர் நிற்கவில்லை. குவிந்து கிடந்த குஞ்சுகள் மெல்ல மெல்லப் பிரிந்து உமியில் பரவின.

ஒரு குஞ்சு மட்டும் தடுமாறி வந்து, அனுவின் பாதத்தில் ஏறித் தூங்கிப்போனது. கால் மரத்துப்போனது. அனு நகரவே இல்லை.