அழிக்க விடாத பிடி

அந்தக் குரல்பதிவை அழிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் மறுத்தது. கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறதாம்.

லீமா பாட்டு பிளேயரை மூடினாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே மறுப்பு. தக்கலைக் கடைத்தெருவில் மத்தியான மழை தகரக் கூரை மேல் கொட்டிக்கொண்டிருக்க, போட்டோ ஸ்டூடியோவின் உள்ளறையில் ஈரச் சுவரின் வாடையும் சூடேறிய வயர்களின் வாடையும் கலந்து, அவற்றுக்கு அடியில் மிக மெல்லிதாக ஒரு கவிச்சியும் மூக்கில் ஏறியது.

பதிவில் இருப்பது அவள் அழுகை. கணவன் சத்தியராஜ் அடித்துவிட்டு, அவளை மன்னிப்புக் கேட்க வைத்துப் பதிவு செய்தது. விருந்தாளிகள் வந்தால் போட்டுக் காட்டிச் சிரிப்பான். போன மாதம் முட்டத்துப் பாறையில் கல்யாண ஜோடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அவனை அலை இழுத்துப் போயிற்று. உடல் கரை ஒதுங்கியது. தோளில் கிடந்த லேப்டாப் பை ஒதுங்கவில்லை.

அழித்தே தீருவது என்று, நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அனிஷை போனில் பிடித்தாள். அவன் சொன்ன சின்ன சாப்ட்வேரை இறக்கி, கோப்பின் பெயரைத் தேடினாள்.

"எந்த புரோகிராம் பிடிச்சிருக்குன்னு காட்டுதாக்கா?"

"இதுல உள்ளது ஒண்ணுமில்ல. வைஃபை வழியா வேற கம்ப்யூட்டர் திறந்திருக்குன்னு சொல்லுது."

"அதுக்க பேரு இருக்குமே?"

லீமா வாசித்தாள். "அவருக்க லேப்டாப்பு."

"அது கடல்லல்லா போச்சு... வைஃபையை அணைச்சிருங்கக்கா."

வயரைப் பிடுங்கினாள். வைஃபை பெட்டியின் விளக்குகள் அணைந்தன. வைஃபையில் பேசிய போனும் அறுந்தது. திரையில் அந்த வரி அப்படியே நின்றது.

ஸ்பீக்கர் கரகரத்தது. அவள் அழுகை. 'இனி செய்ய மாட்டேன், மன்னிச்சிருங்கோ.' திரும்பத் திரும்ப. அழுகைக்குப் பின்னால் அலைச் சத்தம். பதிவு செய்த அன்று அது இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஏதோ சொட்டியது. லீமா திரும்பவில்லை.

"நான் ஒண்ணும் செய்யல்லலே," என்றாள். உயிரோடிருந்தவரை அவனை 'லே' போட்டுக் கூப்பிட்டதில்லை. "கேட்டியா? விடு."

வரியின் மேல் அம்புக்குறியை வைத்து, பிடியை விடுவிக்கும் கட்டளையை அழுத்தினாள்.

வரி போனது. வந்தது. அழுத்தினாள். வந்தது.

மவுசின் மேல் அவள் கை. அதன் மேல் இன்னொரு கை. குளிர்ந்தது. ஊறி வெளுத்த விரல்கள். நகங்களில் மணல். சதைக்குள் புதைந்த கல்யாண மோதிரம்.

லீமா அழுத்தினாள். அழுகை நின்றது. கோப்பு அழிந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. மேலிருந்த கையும் விலகவில்லை.