களியில் பறந்த ஆவி

சேவூர் சாலையில், விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய தன் போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் தமிழ்ச்செல்வி அடைபட்டுக் கிடந்தாள். வெங்காயம் எடுக்க உள்ளே போனவளை யாரோ வெளியிலிருந்து தாழிட்டுவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. செல்போன் முன்னறையில். தட்டித் தட்டிக் கை கன்றியதே தவிர, தறிச் சத்தத்தை மீறி அவள் குரல் வெளியே போகவில்லை.

கடைசியில் கதவைத் திறந்தவர் கமலக்கண்ணன். கட்டட உரிமையாளரான பட்டு வியாபாரி ஹேமநாத்தின் அண்ணன். மேசைமேல் களிச்சட்டி இருந்தது. அதன் முன்னால் விரித்திருந்த அரக்குப் பட்டுப் புடவையைக் காணவில்லை.

வயல்வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டைப் பட்டோடு சேர்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள் அவள். அடுத்த வாரம் சென்னையில் கண்காட்சி. புடவை ஹேமநாத் இரவல் தந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அபிதகுசாம்பாள் வந்ததும் கமலக்கண்ணன் முந்திக்கொண்டார். தாழே போட்டிருக்கவில்லை, சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்ததாகவும், ஸ்டுடியோவுக்கு வந்தவுடனே தம்பிக்குப் போன் செய்ததாகவும் சொன்னார்.

"நான் வந்தப்ப களியில ஆவி பறந்துகினு இருந்துதுங்க. அப்பத்தான் கிண்டி வெச்சிருக்கு. ரொம்ப நேரமா உள்ள மாட்டிகினு இருந்தேன்னு இந்தப் பொண்ணு சொன்னா எப்படிங்க?"

சாயங்காலத்துக்குள் புடவை வராவிட்டால் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்றார், அண்ணனின் போனைக் கேட்டு வந்திருந்த ஹேமநாத். தமிழ்ச்செல்விக்கு மறுபடியும் அந்தப் பின்னறைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

அபிதகுசாம்பாள் களியைத் தொட்டார். விரலில் எண்ணெய் மினுங்கியது. சட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். சாம்பலும், எரிந்து தீர்ந்த ஊதுபத்திக் குச்சியும்.

"இது எதுக்கும்மா?"

சூடான களி விளக்கு வெளிச்சத்தில் காய்ந்து விரிசல் விடும் என்பதால் விடியற்காலையிலேயே கிண்டி ஆறவைத்து எண்ணெய் தடவியதாகவும், ஊதுபத்திப் புகை படத்தில் ஆவியாகத் தெரியும் என்றும் விளக்கினாள். அபிதகுசாம்பாள் கேமராவைப் பார்த்தார். புகை கிளம்பும் கடைசிப் படம், 10.15. அதை எடுத்த கையோடு வெங்காயத்துக்குப் போனதாகச் சொன்னாள் தமிழ்ச்செல்வி. கமலக்கண்ணன் வந்தவுடன் தம்பிக்குப் போன் செய்ததாகச் சொன்னாரே, அந்த அழைப்பு 11.30.

மேசையில் கிடந்த ஊதுபத்திப் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றைக் கொளுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆவதற்குள் அது அணைந்தது.

"களி காலையிலயே ஆறிப்போச்சுங்க. நீங்க பாத்தது புகை. பதினொண்ணரைக்கு அது இருந்திருக்காது. இந்தப் பொண்ணு உள்ள போனப்பவே நீங்க இங்க இருந்தீங்க. தாழ் போட்டதும் நீங்கதான்."

கமலக்கண்ணனின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் புடவை கிடைத்தது.

"நாங்க தறியில நெஞ்ச பட்டுல இதுங்க களிய வெச்சு ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

ஹேமநாத் குரலைத் தாழ்த்தினார். புடவைதான் கிடைத்துவிட்டதே, அண்ணன் செய்தது தப்புதான், கேஸ் வேண்டாம், ஸ்டுடியோவை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அபிதகுசாம்பாள் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார்.

எந்தத் தெருப் பெண் என்று கேட்டபிறகு ஆரணியில் இவளுக்கு வேறு யாரும் இடம் தரப்போவதில்லை. அது ஹேமநாத்துக்கும் தெரியும்.

"புடவை கத அவங்களோட போவட்டும். என்ன உள்ள வெச்சு தாழ் போட்டத எழுதிக்கோங்க மேடம்" என்றாள்.

பிறகு யாரும் காலி செய்யச் சொல்லாமலே கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றத் தொடங்கினாள்.