தாழ்ப்பாள் வைத்த கண்ணாடி

வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தச்சர் தன் வீட்டுக் கூடத்துக்கு ஒரு கண்ணாடி செய்தார். சட்டத்துக்கு, யாரோ இடித்த வீட்டின் குளியலறைக் கதவு. கண்ணாடி, மனைவியின் பழைய பீரோவிலிருந்து கழற்றியது. பின்னாலிருந்து விளக்கு ஒளிர்வதற்காக, ஓரமெங்கும் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்பக்க ரசப் பூச்சைச் சுரண்டினார். கதவின் தாழ்ப்பாளைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. சட்டத்தின் முன்பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டார்.

"கண்ணாடிக்கு எதுக்குங்க தாழ்ப்பாள்? உள்ள இருக்கிறவ ஓடிப்போயிடுவாளா?" என்றாள் மனைவி.

"அழகுக்குடி."

மாட்டிய மறுநாள் மத்தியானம், தாழ்ப்பாள் திறந்திருந்தது. போட்டார். கைகழுவி வந்து பார்த்தால், மறுபடி திறந்திருந்தது.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். விளக்கைப் போட்டதும், என்றோ யாரோ குளித்த சோப்பின் புளித்த வாடை மரத்திலிருந்து மெல்லக் கசிந்தது. ஓரத்து வெளிச்சத்தை ஒரு நிழல் கீழிருந்து மேலாக, அவசரமே இல்லாமல், நான்கு மூலையும் சுற்றி மறைத்துக்கொண்டே போனது. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருப்பது ஒரு கட்டைவிரல் இடைவெளி. பூனைகூட நுழையாது.

சுரண்டிய இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

உள்ளே அவருடைய கூடம். அதில் ஒரு முதுகு. ஒரு காது. காதில் பென்சில்.

சரக்.

நிமிர்ந்தார். பின்னந்தலையில் சுவர் இடித்தது. மூக்கு கண்ணாடியில் அழுந்தியது. வெளியே அவரே நின்று, தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். தச்சர் பென்சிலை வலக்காதில்தான் செருகுவார். அங்கே இடக்காதில் இருந்தது.

மனைவி வந்தாள். காதைப் பாருடி. காதை.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

கிட்டே வந்தாள். உற்றுப் பார்த்தாள். மீசையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

தச்சர் உள்ளிருந்து கண்ணாடியை அடித்தார். இரண்டு கையாலும்.

"உள்ள ஏதோ தட்டுதே?"

"பல்லியா இருக்கும். விளக்க அணைச்சிட்டு வா, சாப்பிடலாம்."

அவள் கை சுவிட்சுக்கு நீண்டது.

இருட்டு. சோப்பு வாடை. பக்கத்தில், அவருக்கு முன்பே வந்திருந்த இன்னொருவரின் மூச்சு.

அந்தப் பீரோ இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதன் கண்ணாடியைக் கழற்ற இன்றுவரை யாரும் திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை; அதுவும் இந்த ஏழு பற்கள்மேல் ஆணை.