சுடலைவடிவு என்ற பேர்

வேன்காரர் சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டுப் போனபோது பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. பாபநாசம் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த வீடு. பின்னால் கால்வாய், அதற்கப்பால் வயல். முகப்பில் பெரிய பெரிய தேக்குத் தூண்கள். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. இதைப் பெருக்கித் துடைக்கவே ஓர் ஆயுசு வேண்டும் என்று முணுமுணுத்தேன்.

என் கணவர் பாக்கியசீலன் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். அம்பாசமுத்திரத்தில் நல்ல வீடு கிடைத்தும் இதைத்தான் வாடகைக்குப் பிடித்தார். அவருடைய பாட்டிக்குப் பாட்டி இந்த வீட்டில் அடிமை. மாட்டைப்போல விற்று வாங்கிய அடிமை. தொழுவைத் தாண்டி அவள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. ஆகவே எங்கள் ஏழு வயது மகள் முன்வாசல் வழியாக வலது காலை வைத்து நுழைய வேண்டுமாம்.

மனுஷனுக்கு இது ஒரு வெறி. அது தொண்ணூற்றாறாம் வருஷம். ஜில்லா முழுக்க ஆளாளுக்கு ஆண்ட பரம்பரை என்று சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலம். என் அப்பாகூட கிரீடமும் வாளும் போட்ட படம் ஒன்றைக் கூடத்தில் மாட்டியிருந்தார். இவரோ கூட்டத்துக்குக் கூட்டம் போய், "நாம அடிமையா இருந்தோம். அதச் சொல்ல நமக்கு என்ன வெக்கம்? வச்சிருந்தவனுக்குத்தான் வெக்கம்" என்று பேசுவார். பேசிவிட்டுப் போகட்டும். பெற்ற பிள்ளைக்கு அந்த அடிமையின் பேரையே வைத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. செத்துப்போன கிழவி பேரைப் பிள்ளைக்கு விடுவது நம் வழக்கம்தான். ஆனால் இந்தப் பேரா? ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான என் மாமனார் இதைக் கேட்டதும் பிள்ளையைப் பார்க்கவே வரவில்லை.

"குடும்பத்துல அவளப் பத்தி மிஞ்சினது இந்தப் பேரு ஒண்ணுதான், நீலா. அதையும் விட்டுட்டா அவ இல்லாமலே போயிருவா" என்றார்.

சுடலைவடிவு. வீட்டில் வடிவு.

சாவி கொண்டுவந்தவர் பார்வதியம்மாள். வீட்டுக்காரர் டெல்லியில் அதிகாரி. இவர் அவருடைய தங்கை, அடுத்த வீட்டில் இருப்பவர். பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பேர் கேட்டார். அவள் சொன்னாள். தடவிய கை அப்படியே நின்றது.

"வீட்டுக்குள்ள வேற பேரு சொல்லிக் கூப்பிடுங்களேம்மா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தக் காலத்திலும் இந்தத் திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வேண்டுமென்றே வடிவு, வடிவு என்று தெருவுக்குக் கேட்கக் கூப்பிட்டேன்.

கூடத்துக்கும் தொழுவுக்கும் நடுவே நெல் போட்டு வைக்கும் அறை ஒன்று. ஜன்னல் கிடையாது. உச்சி வெயிலிலும் உள்ளே நீட்டிய கை தெரியாது. வெறும் அறைதான். ஆனாலும் மத்தியானம் ஆகிவிட்டால் பழைய நெல்லின் புழுங்கிய வாடை அதிலிருந்து மெல்லக் கூடத்துக்கு வரும். அதன் பின்னாலேயே பச்சைச் சாணி நாற்றம். அந்தத் தொழுவில் மாடு கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது.

குடிவந்த அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம். அவர் கல்லூரிக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு ஒரு ஆண் குரல். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. தினமும் சொல்லிப் பழகிய குரல்.

"வடிவு."

தொழுவிலிருந்து என் மகள் பதில் சொன்னாள்.

"உத்தரவு."

எசமானுக்குப் பணிந்து சொல்லும் அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஓடினேன். குனிந்து, வெறுந்தரையை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டிருந்தாள், சாணி அள்ளுவதுபோல. தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவள் விரல்கள் ஈரமாயிருந்தன.

"யாருட்டி கூப்பிட்டா?"

"எப்பவும் கூப்பிடுதவுகதான்."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கவில்லை. இரு கைகளையும் வாயருகே குவித்து, நான் மேலிருந்து ஊற்றுவதற்காகக் காத்து நின்றாள்.



சாயங்காலம் அவர் வந்து கெஞ்சியும் அவள் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. பின்சந்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு பார்வதியம்மாள் வீட்டுக்குப் போனோம்.

"அது ஒரு ஆளு பேரு இல்ல, சார்" என்றார் அந்த அம்மாள். "தொழுவுல நிக்கவளுக்கு இந்த வீட்டுல விடுத பேரு. ஒருத்தி செத்தா இன்னொருத்தியக் கொண்டாந்து நிப்பாட்டி அதே பேர விட்டிருவாவளாம். கூப்பிடுதவுகளுக்கு நாக்குப் பழகிட்டுல்லா. ஆளு மாறும், பேரு மாறாது."

"அப்போ எங்க பாட்டி பேரு என்ன?"

"அத ஆரு கேட்டு வச்சா?"

குத்தலாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார், அவ்வளவுதான். மைக் இல்லாமலே இரண்டு மணி நேரம் பேசக்கூடிய என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை.

மறுநாளே காலி செய்து விக்கிரமசிங்கபுரத்துக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். மில் சங்கு, சைக்கிள் மணி, பக்கத்து வீட்டு டிவி. பேரை மாற்றச் சொன்னேன்.

"மாத்தினா, மறுபடியும் ஒளிச்சு வைக்கதுதான நீலா?"

"எத ஒளிக்கோம்? அது நம்ம பேரே இல்லையே."

அவரே போய்ப் பள்ளிக்கூடத்தில் ப்ரீதா என்று மாற்றினார். சில நாளில் பிள்ளை டம்ளரில் குடித்தாள், முன்வாசலில் குதித்து விளையாடினாள், மிட்டாய்க்குச் சண்டை போட்டாள். பிழைத்தோம் என்று நினைத்தேன். ஆள் போய்விட்டாலும் பேர் சும்மா கிடக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில், மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்தது. அடுத்த அறையில் செருமல் கேட்டது.

பச்சைச் சாணி நாற்றம்.

"வடிவு."

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ப்ரீதாவின் பென்சில் நின்றது. அவள் உதடு பிரியத் தொடங்கியது.

நான் முந்திக்கொண்டேன்.

"உத்தரவு."

பிள்ளை மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து நான்தான். கிரீடமும் வாளும் மாட்டிய வீட்டுப் பெண். கல்யாணம், சாவு எதற்கும் போவதில்லை. மத்தியானம் ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் நாற்றம் போகவில்லை. தாகம் எடுத்தால் கைகள் தாமாகக் குவிகின்றன. அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேலிருந்து ஊற்றுகிறார்.

நேற்று எனக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிக்கொண்டது. மத்தியானம் அந்தக் குரல் கூப்பிட்டது. வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

நல்லவேளை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் காய்ச்சலோடு அவளைக் கூட்டிவரப் போனேன். வகுப்பு டீச்சர் கேட்டில் நின்று சிரித்தார்.

"மத்தியானம் ஒரு வேடிக்க கேளுங்க. நான் யாரையும் கூப்பிடவே இல்ல. உங்க ப்ரீதா உத்தரவுன்னுட்டு எந்திரிச்சு நிக்கா. பிள்ளையள்லாம் சிரிச்சிட்டுவ."

என் மகள் தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். கேட் திறந்துதான் இருந்தது.

அவள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள்.